கவனிப்பவர் பேசலாகாது

இருபத்தேழாம் வளைவு என்ற மஞ்சள் பலகை ஜன்னலைக் கடந்துபோனது. இனி எண்கள் குறைந்துகொண்டே வரும், ஒன்று வந்ததும் சமவெளி, சோதனைச்சாவடி, டீ. பேச்சிமுத்து வளைவுக்கு நாற்பதடி முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான், எவ்வளவு அழகாக எடுக்கிறான், சுட்டுவிட்டதுபோல் வெடுக்கென்று அல்ல, தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல். இதைத்தான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்டவன் இவன் ஒருவன். மடியில் இருக்கும் அட்டையில் மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக் போடுகிறேன். பேருந்தின் முன்பக்க ஒற்றை இருக்கை, எனக்கும் அவனுக்கும் நடுவே என்ஜின் பெட்டி, அதன்மேல் யாரோ வைத்த முருங்கைக்கீரைக் கட்டு. கண்ணாடிக்கு மேலே நான் எழுதி நான் ஒட்டிய வாசகம்: ‘ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் என்ஜினை அணைக்கவும்.’ கீழே சின்ன எழுத்தில் என் பெயர் இருந்தது, ஓட்டுநர் போதகர் ஆவுடையப்பன் என்று, அதை யாரோ நகத்தால் சுரண்டிவிட்டார்கள், பெயரை மட்டும். போகட்டும். இன்று நான் பேசக்கூடாது. கவனிப்பு விதிகள் பதினொன்று, அவற்றில் ஏழாவது: பயணத்தின்போது கவனிப்பவர் ஓட்டுநரிடம் பேசலாகாது, பேசினால் அந்தப் பயணத்தின் கவனிப்பு செல்லாது. விதியை எழுதியவனும் நான்தான். கவனிக்கிறோம் என்று தெரிந்தாலே மனிதன் ஒழுங்காகிவிடுகிறான், பேசினாலோ நடிக்கவே ஆரம்பித்துவிடுகிறான், ஆகவே தூணைப்போல் உட்கார வேண்டும் என்று யோசித்து எழுதியது. நாளை காலை எட்டு மணிக்கு மலைத்தடத்து ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு, பேச்சிமுத்துவின் முறையை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டும், அந்த முறை என்ன என்று எனக்கே இன்றைக்குள் தெரிய வேண்டும். லிட்டருக்கு ஐந்து புள்ளி ஒன்பது கிலோமீட்டர். இந்தத் தடத்தில் மற்றவர்கள் நாலரையைத் தாண்டத் திணறுகிறார்கள்.

திணறுகிறார்களா, வேண்டுமென்றே செய்கிறார்களா என்பது எனக்கு இன்னும் தீராத சந்தேகம். சிறிய பழக்கங்கள் பதினெட்டு, அவ்வளவுதான் நான் கேட்பது, யாரையும் மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. நிறுத்தத்தை நூறடி முன்பே பார். டயரில் காற்றுப் பார். வண்டியை அணைப்பதற்கு முன்னால் ஒரு முறுக்கு முறுக்கி உறும விட்டு அணைக்காதே, அது எதற்கு, யாருக்கு விடை கொடுக்கிறாய், கேட்டால் சிரிக்கிறார்கள், முறுக்கினால்தான் மனசுக்கு நிறைவாக இருக்கிறதாம். வகுப்பில் எல்லாரும் தலையாட்டுவார்கள், ‘சரிங்கய்யா’ என்பார்கள், ஒருவன் கை தூக்கினான், ஆகா கேள்வி என்று பூரித்துப்போய்ச் சாக்கட்டியை எடுத்தேன், ‘டிபன் இங்கனயா, கேன்டீன்லயா?’ என்றான். வீட்டிலும் அதே கதை, சாம்பார் கொதித்ததும் அடுப்பைச் சிம்மில் வைக்கலாமே என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மனைவி கோமதி ‘போதகர் வந்தாச்சு, அடுப்ப அணைங்க’ என்று ஆளில்லாத சமையலறைக்குச் சொல்கிறாள். ஆகவேதான் பணிமனையில் கரும்பலகை வைத்தேன். சொன்னால் கேட்காதவன் எண்ணைப் பார்த்தால் கேட்பான். மாதாமாதம் எல்லார் பெயரும், எதிரே லிட்டருக்கு எத்தனை, முதல் பெயருக்கு மேல் சிவப்புச் சாக்கட்டியில் நட்சத்திரம், முதலிடம் பிடித்தவர் தனக்கு வேண்டிய டூட்டியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். மேலாளர் கையெழுத்துப் போட்ட ஒரே யோசனை அதுதான். நாலு மாதமாகப் பேச்சிமுத்து நட்சத்திரத்தின் கீழே நிற்கிறான், நாலு மாதமாகப் பகல் டூட்டி கேட்கிறான். அவன் மனைவி இரவுப்பணி நர்ஸ், எட்டு வயது மகளுக்கு உறக்கத்தில் வலிப்பு வரும், ராத்திரி பக்கத்தில் ஒருவர் படுத்திருக்க வேண்டும். அதற்காக ஒருவன் தன் வலது காலுக்கு இவ்வளவு நாசூக்குக் கற்றுக்கொண்டான் என்றால் என் கரும்பலகை வீண்போகவில்லை. இருபத்து நாலாம் வளைவு. இந்த வளைவில் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள், இவன் ஹாரன்கூட அடிக்கவில்லை, எவ்வளவு அமைதி.

அமைதி. ‘இரைச்சல் குறைவு’ என்று குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறேன், பேனா குதிக்காமல் எழுதுகிறது, ஓடும் பேருந்தில் என் கையெழுத்து இத்தனை திருத்தமாக வந்ததே இல்லை. பின்னால் பெண்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, ‘பலாப்பழத்த மடியில வைக்காதீய மதினி, பால் ஒட்டிச்சின்னா சேல போச்சு.’ ‘கீழ வச்சா உருண்டுல்லா போவும்.’ ‘ஒங்க வீட்டு அவியகிட்ட குடுங்க, சும்மாத்தான இருக்காவ.’ யாரோ சிரிக்கிறார்கள். கண்டக்டர் ஜெய்லானி கடைசி இருக்கையில் சில்லறைக்கு வாதாடுவதுகூடக் கேட்கிறது. எனக்கு வலது காது பாதிக்குத்தான் கேட்கும், முப்பது வருடம் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த காது, ஓடும் பேருந்தில் கடைசி இருக்கைப் பேச்சு எனக்கு எப்படிக் கேட்கிறது? காற்று கேட்கிறது. டயர் தாரில் தேய்கிற ஓசை கேட்கிறது. கேட்க வேண்டிய ஒன்று கேட்கவில்லை. காதுதான், நேற்றுக் குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும். தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்க்கிறேன், பேச்சிமுத்து ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். அவன் தோளைப் பார்க்கிறேன். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதாமல் தோளும் முதுகும் சேர்ந்து இழுக்கிறது, சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது, இது பவர் ஸ்டியரிங் வண்டி, ஒற்றை விரலில் திரும்ப வேண்டியது. கீரைக்கட்டைத் தள்ளிவிட்டு என்ஜின் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைக்கிறேன். சூடாக இருக்கிறது. அசையவில்லை. ஒரு மாட்டின் முதுகில் கை வைத்தால் தோலுக்கடியில் ஏதோ ஓடுமே, அது இல்லை. இருபத்திரண்டாம் வளைவு. அணைத்திருக்கிறான். நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருகி, என்ஜினை அணைத்துவிட்டு, நாற்பத்தொரு பேரை மலையிலிருந்து உருட்டிக்கொண்டு போகிறான். நான் ‘இரைச்சல் குறைவு’ என்று எழுதியிருக்கிறேன், மூன்று வளைவாக அதை ரசித்திருக்கிறேன்.

சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது. சொன்னால் பயணம் செல்லாது, செல்லாவிட்டால் என்ன, உயிரோடு இருந்தால்தானே செல்வதும் செல்லாததும். ஆனாலும் நாக்கு எழவில்லை, இதுவரை பழகிய மௌனம் வாயில் மாவுபோல் அப்பிக்கிடக்கிறது, சட்டென்று கத்தினால் அவன் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை விட்டுவிட்டால்? வளைவு முடியட்டும், நேர்ப்பாதை வரட்டும், நேர்ப்பாதையா, இந்த மலையில் இரண்டு வளைவுக்கு நடுவே நேராகக் கிடப்பது என் பற்பசைக் குழாய் நீளம். காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்கிறேன். பிரேக்குக்குக் காற்றுத்தான் பலம், காற்றை நிரப்புவது என்ஜின், என்ஜின் ஓடாவிட்டால் மிதிக்க மிதிக்க இருப்பு குறையும், புதிய வண்டிகளில் காற்று தீர்ந்தால் பிரேக் தானாக இறுகிக்கொள்ளும், இது பழைய வண்டி. முள் ஐந்தேகாலில் நிற்கிறது. மிதிக்கிறான், ஐந்து. நாலுக்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி கூவும், கூவட்டும், அவனே திருந்துவான், என் வாய் திறக்க வேண்டியதில்லை. மணி எங்கே? டேஷ்போர்டுக்குக் கீழே கறுப்பு வில்லை, அதிலிருந்து பிடுங்கிய ஒயர் ஒன்று நுனியில் டேப் சுற்றி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, நறுவிசாக, என்னுடைய பதினெட்டுப் பழக்கங்களில் ஒன்றைப் பின்பற்றுவதுபோல் சிரத்தையாக. இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா, இதனால் ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமாவதில்லை. கியரில் போட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்தால் இறக்கத்தில் சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது, பம்பு டீசலை அடைத்துவிடுகிறது, செலவு பூஜ்யம், என்ஜினே வண்டியைப் பிடித்தும் கொள்கிறது. அணைத்தாலும் பூஜ்யம், அணைக்காமல் கியரில் இறங்கினாலும் பூஜ்யம், இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் நாற்பத்தொரு பேர். அவனுக்கு ஐந்து புள்ளி ஒன்பது வருவது ஏற்றத்திலும் சமவெளியிலும் அந்தக் காலை உருவும் அழகில், அது அவனுக்கே தெரியாது, இந்த உருட்டலால் வருகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. கையேட்டில் பதினோராம் பக்கம் படத்தோடு எழுதியிருந்தேன், அச்சகத்தில் பதினாறு பக்கத்துக்கு மேல் போகாது என்றார்கள், ஒரு பக்கம் எடுக்க வேண்டும், முன்னுரை மூன்று பக்கம் இருந்தது, பழம்பாட்டுகளில் தேர்ப்பாகர்கள் என்று, எந்தத் தலைவனும் பாகனை விரட்டுகிறானே தவிரக் குதிரைக்குப் புல் எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை என்று சாமர்த்தியமாக முடித்திருந்தேன், அதில் கை வைக்க மனம் வரவில்லை. பதினோராம் பக்கத்தை எடுத்துவிட்டேன். பத்தொன்பதாம் வளைவு. நாலே முக்கால்.

இதே தடத்தில் ஓட்டிய மரியதாஸுக்குத் தெரிந்திருந்தது. மரியதாஸ் எப்போதும் இரண்டாவது கியரில் மாடு இழுப்பதுபோல் இறங்குவார், ஏற்றத்தில் மட்டும் அவர் கால் கல், நாலு புள்ளி மூன்று, பலகையில் கடைசிப் பெயர். மூன்று மெமோ, மூன்றையும் எழுதியவன் நான், ஒவ்வொன்றிலும் ‘அதே தடத்தில் திரு. பேச்சிமுத்து அவர்களால் இயலும்போது’ என்று ஒரு வரி. மூன்றாவதற்கு அவர் பதில் எழுதினார், கோடு போட்ட தாளில், ‘என் பிள்ளைய உக்கார வச்சி எப்பிடி எறங்குவனோ அப்பிடித்தான் எல்லாரையும் எறக்குவேன், மத்தவர் எப்பிடி எறங்குதார்னு ஒரு நாள் கூட வந்து பாருங்க.’ நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவை எடுத்து அதைத் திருத்தினேன். அலுவலகக் கடிதத்தில் பேச்சு வழக்கு கூடாது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். கடிதத்தைப் படித்தேனா என்று இப்போது யாராவது கேட்டால், திருத்தினேன் என்றுதான் சொல்ல முடியும். அவர் மறுபடி எழுதவில்லை. டவுன் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். கேன்டீனில் எதிர்ப்பட்டால் ‘என்ன போதகரே, சௌக்கியமா’ என்பார், வேறொன்றும் சொல்லமாட்டார், அந்த ‘சௌக்கியமா’வில் என்ன இருந்தது என்று பதினேழாம் வளைவில் எனக்குப் புரிகிறது. ஒரு வாடை. முருங்கைக்கீரை இல்லை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்கிற வாடை, பிரேக் லைனிங், பின்னாலிருந்து ஒரு பெண்குரல், ‘என்னமோ கருகுதே?’ ‘மலையில தீ வச்சிருப்பாவ, ஜன்னலச் சாத்து.’ முள் நாலு. நாளைக்குப் பன்னிரண்டு பேர். இன்று இறங்கிவிடலாம், இவன் நூறு தடவை இறங்கியவன், கை பழகியிருக்கிறது, கீழே போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அட்டையைக் கிழித்துவிடலாம். ஆனால் பன்னிரண்டு பேருக்குக் கை பழகவில்லை. அவர்களும் பலகையைப் பார்ப்பவர்கள், அவர்கள் வீட்டிலும் யாரோ படுத்திருப்பார்கள், யாருக்கோ பகல் டூட்டி வேண்டும், பேச்சிமுத்து எப்படிச் செய்கிறான் என்று நான் சொல்லாவிட்டால் அவனிடமே கேட்பார்கள், ஒருவேளை கேட்டேவிட்டார்களோ, போன மாதம் ஒருவன் நாலு புள்ளி நாலிலிருந்து நாலு புள்ளி எட்டுக்கு ஏறினான், நான் கைதட்டச் சொன்னேன், அறையே கைதட்டியது. பதினாறு. எதிரே ஹாரன். தேயிலை லாரி, வளைவின் உட்புறத்தை முழுக்க அடைத்துக்கொண்டு ஏறுகிறது. பேச்சிமுத்து மிதிக்கிறான், மறுபடி மிதிக்கிறான், பேருந்தின் மூக்கு ஓரக்கல்லை எட்டிப் பார்க்கிறது, கண்ணாடி நிறைய ஆகாயம், லாரியின் பக்கவாட்டு என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிதானமாக, மிக நிதானமாக, கடந்துபோகிறது. முள் மூன்றரை.

“பேச்சி. வண்டிய ஸ்டார்ட் பண்ணு.”

குரல் என்னுடையதுதான், ஆனால் கிழவன் குரல். அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பேசக்கூடாதுன்னு ரூல் இருக்கில்லா ஐயா” என்றான், கிண்டலா பயமா தெரியவில்லை, அவன் உதடு வெளுத்திருந்தது. “ரூல் கெடக்கட்டும். ஸ்டார்ட் பண்ணு, ரெண்டாவது கியர் போடு.” “இந்த ஸ்பீடுல ரெண்டாவது விழாது.” “மூணாவது போடு, அப்புறம் ரெண்டு. பிரேக்க விட்டு விட்டு மிதிக்காத, ஒரே மிதியா மிதி.” சாவி திருகியது. ஒரு கணம் ஒன்றுமில்லை, அந்த ஒரு கணத்தில் நான் கோமதியின் சாம்பாரை நினைத்தேன், அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொதிக்கட்டும். என்ஜின் பிடித்தது. கியர் பெட்டி பல்லைக் கடித்தது, மறுத்தது, விழுந்தது. மூன்று. ஓலம். பேருந்து முழுவதும் முன்னால் சாய்ந்தது, பலாப்பழம் உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. இரண்டு. என்ஜின் இப்போது பெருங்குரலில் அழுதது, நான் வகுப்பில் எந்தச் சத்தத்தைக் கேட்டால் முகம் சுளிப்பேனோ அந்தச் சத்தம், வண்டி மெல்ல மெல்ல எங்களுக்குக் கட்டுப்பட்டது. என் உள்ளங்கை இன்னும் பெட்டிமேல்தான் இருந்தது, தோலுக்கடியில் ஓடியது. “என்னண்ணே, மாட்டு வண்டி மாதிரி போவுது?” என்று ஜெய்லானி பின்னாலிருந்து கத்தினான். “கலியாணத்துக்குப் போவணும்யா, முகூர்த்தம் முடிஞ்சிரும்” என்றது இன்னொரு குரல்.

பதினைந்து, பதினாலு, பதின்மூன்று. இப்போது ஒவ்வொரு பலகையும் வர வெகுநேரம் ஆனது. “எத்தன நாளா?” என்றேன். “ஆறு மாசம். மொதல்ல கடேசி மூணு வளைவுல மட்டும்தான் அணைச்சேன். பலகையில ஒரு தடவ பேரு கீழ எறங்கிச்சு, அன்னிக்கு நைட் டூட்டி போட்டாவ. காலையில வீட்டுக்குப் போறேன், பிள்ள கட்டில்ல இருந்து கீழ விழுந்து கெடக்கா, வாயெல்லாம் நொர.” ஸ்டியரிங்கை இப்போது அவன் ஒரு கையால் திருப்பினான், மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அப்புறம் மேல இருந்தே அணைச்சிட்டேன்.” இதனால் ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும். பம்பு, சக்கரம், பூஜ்யம். பதினோராம் பக்கம். ஒன்பதாம் வளைவுவரை நான் அதைச் சொல்லும் விதத்தை யோசித்தேன், எப்படிச் சொன்னாலும் அது, நீ ஆறு மாதம் சும்மாவே செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாய் என்றுதான் முடிந்தது. சொன்னேன். அவன் நம்பவில்லை, பிறகு ஆறாம் வளைவில் நம்பினான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரு சத்தம் போட்டான், சிரிப்பாகவும் இருக்கலாம். “இத ஏன் ஐயா கிளாஸ்ல சொல்லல?” முன்னுரை நன்றாக வந்திருந்தது என்று எப்படிச் சொல்வது. “விட்டுப்போச்சு” என்றேன்.

ஒன்றாம் வளைவு தாண்டிச் சோதனைச்சாவடியில் வண்டி நின்றது. கலியாணக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி டீக்கடைக்கு ஓடினார்கள். பேச்சிமுத்து ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு என் அட்டையைப் பார்த்தான். “என்ன எழுதப் போறிய?” ‘இரைச்சல் குறைவு’ என்ற வரியை அடித்தேன். ஆறாவது கட்டத்தில், எச்சரிக்கை மணி ஒயர் துண்டிக்கப்பட்டுள்ளது, வண்டியைப் பழுது பார்க்காமல் எடுக்கக்கூடாது என்று எழுதினேன். கீழே: ‘கவனிப்பவர் பேசிவிட்டார். விதி ஏழின்படி ஓட்டுநர் பற்றிய கவனிப்பு செல்லாது. மலைத்தடத்து எண்களைக் கரும்பலகையிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறேன். இறக்கத்தில் என்ஜினை அணைக்கும் பழக்கம் அப்பலகையால் பரவியுள்ளது. பலகையை வைத்தவன் நான்.’ கையெழுத்துப் போட்டேன். இதில் அவனைக் காப்பாற்றியது எவ்வளவு, என்னைக் காப்பாற்றிக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன், பிரிய மறுத்தது. அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். “அப்போ நாளைக்கு கிளாஸ்?” “கிளாஸ் இந்த வண்டியில, மணிய மாட்டினதுக்கப்புறம். மேலயிருந்து கீழ வரைக்கும் மரியதாஸ் ஓட்டுவார், பன்னெண்டு பேரும் உக்காந்து பாக்கட்டும். நீ என் சீட்டுல உக்காரு.” “மரியதாஸ் அண்ணாச்சி வருவாவளா?” “நான் போய்க் கூப்புடுதேன். ஏற்றத்த நீ ஓட்டு, அவர் பாக்கட்டும்.” அவன் அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான், “பகல் டூட்டி?” பலகை இல்லையென்றால் நட்சத்திரமும் இல்லை. மேலாளர் அறைக் கதவு நினைவுக்கு வந்தது, இருபத்தாறு வருடத்தில் அதற்குள் போய் நான் ஜெயித்து வந்தது அந்தப் பலகை ஒன்றுக்குத்தான். “பிள்ளையோட டாக்டர் சீட்ட எடுத்துட்டு வா” என்றேன். “ரெண்டு பேருமாப் போவோம். முடியும்னு சொல்ல மாட்டேன்.”

ஜெய்லானி இரண்டு கையிலும் டீயோடு படியேறி வந்தான். எங்கள் இருவரையும் பார்த்தான், கண்ணாடிக்கு மேலிருந்த வாசகத்தைப் பார்த்தான், அவனுக்கு வாய் நிறையச் சிரிப்பு. “என்னண்ணே, போதகர் ஐயாவ பக்கத்துல வச்சிக்கிட்டே அஞ்சு நிமிசமா வண்டிய ஓட விட்டுட்டு நிக்கிய! அணைங்கண்ணே, ஐயா ஒரு டிக்கக் கொறச்சிரப் போறாவ.” பேச்சிமுத்துவின் கை சாவிக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்தேன். “ஓடட்டும்” என்றேன். டீசல் எரிந்துகொண்டிருந்தது, நின்ற இடத்தில், ஒரு நிமிடத்துக்கு மேல், ஒரு அடிகூட நகராமல். வழியெல்லாம் பிரேக் தின்ற காற்று மெல்லத் திரும்பியது, முள் நாலைத் தொட்டது. நாலரை. ஐந்து. டீ ஆறிக்கொண்டிருந்தது, நாங்கள் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.